அசதிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை: வெடியால டீக்கு முன்னா, பின்னா?

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் வாசல் கூட்டக் கை ஓடவில்லை, குளித்துவிட்டு வந்தாலே உட்கார வேண்டியிருக்கிறது என்றால் அது வேலைக் களைப்பு அல்ல. நீண்ட நாள் நோயால் வரும் இந்த அசதிக்கு மருந்துக்கடையில் "ஒரு சத்து மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவது வீண் செலவு. அசதிக்கென்று தனி மருந்து கிடையாது. அதை உண்டாக்கும் காரணத்துக்குத்தான் மருந்து உண்டு. சரியான மருந்து கிடைத்த பிறகும் பலருக்கு அசதி தீராமல் போவது, மாத்திரையை எதோடு சேர்த்து விழுங்குகிறோம் என்பதால்தான்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்துப் பொட்டலங்களையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தே அசதி தருவதும் உண்டு: ரத்த அழுத்தத்துக்கான அட்டினோலால், மெட்டோபுரோலால், சளி அரிப்புக்கான செட்ரிசின், நரம்பு வலிக்கான பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. அட்டினோலால் வகையைத் திடீரென விட்டால் இதயம் படபடத்து நெஞ்சுவலி வரை போகலாம். ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு), வைட்டமின் பி12, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), சோடியம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகிய பரிசோதனைகளைச் செய்தாலே பெரும்பாலான காரணங்கள் தெரிந்துவிடும்.

தைராய்டு மாத்திரை

தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் எதுவும் கூடாது. நம் பக்கம் சிக்கலே இங்குதான். அஞ்சரைக்கு எழுந்ததும் பேக்கரி டீ, அந்த டீயோடு மாத்திரை. மாத்திரை குடலில் முழுதாக உறிஞ்சப்படாது. டிஎஸ்எச் இறங்காது. மருத்துவர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்குவார், பிறகு 100 ஆக்குவார். ஒருநாள் டீயைத் தள்ளி வைத்தால் அதே 100 அதிகமாகிப் படபடப்பும் கை நடுக்கமும் வரும். ஆகவே இரவே தலைமாட்டில் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துவிடுங்கள். கண் விழித்ததும் விழுங்கிவிட்டு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பல்லடம், சோமனூர் தறிக்குடோனிலும் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வெடியால என்பதே கிடையாது. கடிகாரம் முக்கியமில்லை, காலி வயிறுதான் முக்கியம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்முன் போடலாம். எந்த வேளை என்பதை மருத்துவரிடம் சொல்லி, அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

புட்டியை அடுப்பு மேடை அலமாரியில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் மறுபடி பார்க்க வேண்டிவரும். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் பத்தே நாளில் "ஒண்ணும் கேக்கலையே" என்று அளவைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. முடி கொட்டுவதற்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பொய் காட்டும்.

இரும்பு மாத்திரை

டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருளும், ராகிக் களியில் இருக்கும் கால்சியமும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். களி நல்ல சாப்பாடுதான், அதை நிறுத்த வேண்டாம். மாத்திரையை மட்டும் அதனிடமிருந்து விலக்கி வையுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்துக்கும் அப்படியே. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: 5.30க்குத் தைராய்டு, 6.30க்கு டீ, 8.30க்குக் காலைச் சாப்பாடு, 11 மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு, கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். பதினோரு மணி டீ கை நழுவிப் போகும். அதைப் பொழுதோட, சாயங்காலமாகக் குடித்துக்கொள்ளலாம்.

மலம் கருப்பாகப் போவது இரும்பால்தான், பயம் வேண்டாம். தார் போலப் பிசுபிசுத்துக் கெட்ட நாற்றத்தோடு போனால் அது வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். வயிறு பிரட்டினால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். பலருக்கு அதுவே போதுகிறது. ஹீமோகுளோபின் சரியானதும் விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உடலின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் கசிவு எங்கே என்று தேட வேண்டும்: அதிக மாதவிடாய், மூலம், அல்லது தோட்டத்தில் செருப்பில்லாமல் நடப்பதால் தொற்றும் கொக்கிப்புழு.

சிறுநீரகம், சர்க்கரை

டயாலிசிஸ் செய்பவர்களின் அசதிக்கு, ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுவார்கள். உடலில் இரும்பு இல்லாமல் இந்த ஊசி மட்டும் வேலை செய்யாது, ஃபெரிட்டின் அளவும் பார்க்க வேண்டும். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து இது. பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவிலோ ஃப்ரீசரிலோ வேண்டாம். உறைந்தால் வீண், குலுக்கினாலும் கெடும். கோயம்புத்தூரில் வாங்கித் தாராபுரத்துக்குப் பஸ்ஸில் கொண்டு போகிறவர்கள், மருந்துப் பெட்டி ஐஸ்கட்டியில் நேராகப் படாதபடி துணி சுற்றி வையுங்கள். ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினை 13க்கு மேல் ஏற்றினால் பக்கவாத அபாயம் கூடும். 10, 11 அளவில் நிறுத்துகிறார்கள் என்றால் அது கஞ்சத்தனம் அல்ல.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும். அசதியோடு பாதம் மரத்துப்போனால் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அமிலத்துக்கான பான்டபிரசோலையும் வருடக்கணக்கில் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

விழிப்பு தரும் மருந்துகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) நோயாளிகளின் அசதிக்கு மொடாஃபினில், அமான்டடின் எழுதுவது வழக்கம். 2021இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இவை மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட அசதியைக் குறைக்கவில்லை. மருத்துவர் முயன்று பார்க்கலாம் என்றால், பயன் இல்லாதபோது எப்போது நிறுத்துவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மொடாஃபினிலை மதியத்துக்குப் பின் போட்டால் ராத்தூக்கம் போய், அடுத்த நாள் அசதி இரட்டிப்பாகும். கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் ஒருநாளும் திடீரென நிறுத்தக் கூடாது. வாந்தியால் மாத்திரை தங்காமல், தலைசுற்றி, ரத்த அழுத்தம் சரிந்தால் 108ஐக் கூப்பிட்டு, ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். மூட்டுவலிக்கென்று விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் அபாயம் உண்டு. அதைச் சாப்பிட்டு நிறுத்திய பின் அடித்துப் போட்டாற்போல் அசதி வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கி நன்றாக இருக்கும் நாளில், தேங்கிய துணியெல்லாம் துவைத்து, வீடு மெழுகி, சந்தைக்கும் போய்வந்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று நினைப்பார்கள். நல்ல நாளிலும் முக்கால் வேலையோடு நிறுத்துங்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் மாத்திரை போட்ட நேரத்தையும், பத்துக்கு எவ்வளவு அசதி என்ற எண்ணையும் எழுதி வாருங்கள். அடுத்த முறை அந்தத் தாளைக் கிழித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனால், மருத்துவர் அளவை மாற்றுவதா நேரத்தை மாற்றுவதா என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.