பல்கலைக்கழகத்தின் இலவசப் படத்தைத் தமிழ்க் கையேட்டில் அச்சிடுவது எப்படி?

குடியாத்தத்தில் மருத்துவ முகாமுக்குக் கையேடு, வேலூரில் பள்ளி ஆண்டு மலர் என்று எதை அச்சடித்தாலும் படத்தை கூகுளில் தேடி எடுத்து ஒட்டுவதே வழக்கமாக இருக்கிறது. அதற்கு அவசியமே இல்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ், ‘அனாடமி அண்ட் ஃபிசியாலஜி’ பாடநூலை கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. அதன் படங்களை மாற்றலாம், தமிழாக்கலாம், விலை போட்டும் விற்கலாம். யாருடைய படம், எந்த உரிமம், என்ன மாற்றினீர்கள் என்று சொன்னால் போதும். 19ஆம் அத்தியாயத்தில் உள்ள இதயத்தின் உட்புறப் படத்தை ஏ5 கையேட்டில் சேர்க்கும் முறை இது.

1. உரிமம்

‘இலவசம்’ என்றாலே எல்லாம் ஒன்றல்ல. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கிளிப்ஆர்ட் ஈடிசி படங்களும் இலவசம்தான். ஆனால் வணிக நோக்கமற்ற கல்விப் பணிக்கு மட்டும், அதிலும் ஒரு பணிக்கு 50 படம் வரைதான். ஆண்டு மலரில் ஆம்பூர் பிரியாணிக் கடை விளம்பரம் இருந்தால் ‘வணிகமற்றது’ என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம், எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பலரும் தவறுவது இன்னோர் இடத்தில். புத்தகத்தின் முகப்பில் உள்ள உரிமம் உள்ளேயிருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதே பாடநூலில் திசுக்களின் நுண்ணோக்கிப் படங்கள் பலவற்றின் கீழ், அவை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி தந்தவை என்று காப்புரிமைக் குறியோடு சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அப்படி வேறு பெயர் இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள், அல்லது உரியவரிடம் கேளுங்கள். கோட்டோவியங்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே படவிளக்கத்தின் கடைசி வரி வரை படித்துவிட்டு, உரிமம் தெரியும் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். தளத்தில் பின்னால் உரிமம் மாறினாலும், பழைய உரிமத்தின் கீழ் பெற்ற படத்துக்கு உங்களுக்கிருக்கும் அனுமதி போகாது.

2. அளவு

ஏ5 தாளின் அகலம் 14.8 செ.மீ. இருபுறமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் 10.8 செ.மீ. மிஞ்சும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதால் படம் சுமார் 1,276 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். 500 பிக்சல் படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கைதான் கூடும், தெளிவு கூடாது. இந்த நூலின் படங்கள் விக்கிமீடியா பொதுவகத்திலும் உள்ளன. அங்கே சிறு படத்தைச் சேமிக்காமல் மூலக் கோப்பையே இறக்குங்கள்.

3. கறுப்பு மை

ஒற்றை வண்ண அச்சில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். அசுத்த ரத்தம் எது, சுத்த ரத்தம் எது என்று தெரியாவிட்டால் படமே வீண். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் ‘ஹ்யூ-சாச்சுரேஷன்’ திறந்து நீலத்தை மட்டும் தேர்ந்து வெளுக்கச் செய்யுங்கள், வண்ணத்தை அதன்பிறகு நீக்குங்கள். கட்டுரையில் ‘நீல நிறத்தில் உள்ள பகுதி’ என்று எழுதியிருந்தால் அதையும் மாற்ற மறக்காதீர்கள்.

4. தமிழ்ப் பெயர்கள்

இதற்கு போட்டோஷாப்பைவிட இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் நல்லது. எழுத்து மங்காது, செலவும் இல்லை. படத்தை உள்ளே கொண்டுவரும்போது ‘எம்பெட்’ தேர்ந்தெடுங்கள். ‘லிங்க்’ கொடுத்தால் அச்சகத்துக் கணினியில் படம் இருந்த இடம் காலியாக நிற்கும். ஆங்கிலப் பெயர்களின்மேல் விளிம்புக் கோடில்லாத வெள்ளைக் கட்டம் வைத்து, அதன்மேல் நோட்டோ சான்ஸ் தமிழில் 8 பாயின்டுக்குக் குறையாமல் தட்டுங்கள்.

வலது, இடது விஷயத்தில் நிதானம் தேவை. படம் நம்மைப் பார்த்து நிற்பவரின் இதயம் என்பதால், படத்தின் இடப்பக்கம் இருப்பதுதான் உடலின் வலது ஆரிக்கிள். ‘தப்பாக இருக்கிறதே’ என்று பெயர்களை மாற்றிப்போடுவதும், அதைவிட மோசமாகப் படத்தையே கண்ணாடிபோலத் திருப்புவதும் நடக்கிறது. இரண்டும் கூடாது. மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு, பெருந்தமனி என்று பாடநூல் சொற்களையே வையுங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் அச்சகத்தில் யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அதேபோன்ற இலவச மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.4 பதிப்பில் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஸ்கிரைபஸ்தான் என்றால் 1.6 போடுங்கள். எல்லாவற்றுக்கும் நம்பகமான வழி, இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளைத் தேர்ந்து ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து பிடிஎஃப் ஆக்குவது. அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பாத் ஆன பிறகு ஒற்றுப்பிழைகூடத் திருத்த முடியாது.

5. நன்றி வரி

படத்தின் கீழேயே போடுங்கள்:

“படம்: இதயத்தின் உட்புற அமைப்பு, அனாடமி அண்ட் ஃபிசியாலஜி, ஓப்பன்ஸ்டாக்ஸ், ரைஸ் பல்கலைக்கழகம். உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0. தமிழ்ப் பெயர்கள் சேர்த்து, வண்ணம் நீக்கப்பட்டது.”

பின்னால் மூலப் பக்கத்தின் முகவரியும், உரிமப் பக்கத்தின் முகவரியும். ‘நன்றி: இணையம்’ என்பது நன்றியே ஆகாது. ஓப்பன்ஸ்டாக்ஸின் சின்னத்தையும் அட்டைப்படத்தையும் தொடாதீர்கள். அவை இந்த உரிமத்தில் வராதவை.

வரைபடம் என்றால்

டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பழைய வரைபடங்களில் பெரும்பாலானவை காப்புரிமை இல்லாதவை, யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் எல்லைகள் பழையவை. 1989க்கு முந்தைய வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூரோடு திருவண்ணாமலையும் அடக்கம். 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய எல்லைக்குமேல் ‘வேலூர் மாவட்டம்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். இந்திய எல்லை தெரியும் வரைபடம் என்றால் சர்வே ஆஃப் இந்தியா வெளியீட்டோடு ஒத்துப்போக வேண்டும். மாறினால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பின்சேர்க்கை

பிடிஎஃப் சரியாக இருந்தும் அச்சில் படம் மங்கினால், அச்சகத்துக்கு எப்படி அனுப்பினீர்கள் என்று பாருங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு புரூஃப் தாள் எடுத்துப் பார்த்துவிட்டே பிளேட் போடச் சொல்லுங்கள்.