மாதம் எவ்வளவு மிச்சம்? நெல் வருமான வீட்டுக்கு ஒரு கணக்கு முறை

"மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீங்க?" என்று சம்பளக்காரரைக் கேட்டால் ஒரு தொகை சொல்லிவிடுவார். நம் பக்கத்தில் கேட்டால், "அறுப்பு முடியட்டும், பார்ப்போம்" என்பார்கள். தையில் கையில் பணம் புரளும். ஆனியில் பிள்ளைக்கு நோட்டு வாங்கக் கைமாத்து தேடுவோம். இப்படிப்பட்ட வீட்டில் மாதாமாதம் வரவையும் செலவையும் எழுதிக் கழித்தால், முக்கால்வாசி மாதம் துண்டு விழும், மீதி மாதம் பணக்காரர்போல் தெரிவோம். இரண்டையும் நம்ப முடியாது.

எங்கள் வீட்டுக்காகப் போட்டுப் பார்த்து, கடைசியில் சரியாக நின்ற முறை இது. மன்னார்குடிப் பக்கம் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலமும் ஒரு கடைச் சம்பளமும் உள்ள, நாலு பேர் கொண்ட வீட்டை மாதிரியாக வைத்துக்கொள்வோம். தொகைகள் விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: தேதி

ஆண்டுக்கு ஒருமுறை இருப்பையும் கடனையும் எழுதும் நாள் ஜூன் 1. சம்பாவும் தாளடியும் முடிந்து, உளுந்து, பயறும் எடுத்தாகிவிட்டது. குறுவைக்கு இன்னும் ஏர் இறங்கவில்லை. அதாவது, வயலில் நம் பணம் கிடக்காத நாள். அதனால்தான் இந்தத் தேதி.

பொங்கலை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். அப்போது பாதி நெல் வயலில் நிற்கும், பாதி டி.பி.சி. (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கும், போட்ட நெல்லுக்குப் பணம் வந்தும் வராமலும் இருக்கும். மேட்டூர் திறக்கும் நாளும் சரிப்படாது. வழக்கம் ஜூன் 12 என்றாலும் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அணை எப்போது திறந்தாலும் நம் கணக்குத் தேதி மாறக் கூடாது.

படி 2: இருப்பு ஒரு பக்கம், கடன் எதிர்ப்பக்கம்

இதற்குச் செயலி வேண்டாம் என்பது என் கட்சி. செலவுக் கணக்குச் செயலிகள் எல்லாம் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்குகிறவருக்காகச் செய்தவை. நடவுக்கூலி கொடுத்த மாதத்தில் சிவப்பு எழுத்தில் மிரட்டும், அவ்வளவுதான். மளிகைக் கடையில் கிடைக்கும் நீளக் கணக்கு நோட்டு ஒன்று போதும். ஜூன் 1 அன்று வீட்டில் உள்ள எல்லாப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போய் வரவு பதிந்து வாருங்கள். பதியும் இயந்திரம் பாதி நாள் வேலை செய்யாது, காலையிலேயே போங்கள்.

இடது பக்கம்: வங்கி இருப்பு, கைரொக்கம், அஞ்சலக ஆர்.டி., இன்னும் எடுக்காத சீட்டில் இதுவரை கட்டியது. வலது பக்கம்: நகைக்கடன், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், உரக்கடை பாக்கி, மளிகை பாக்கி, கைமாத்து, எடுத்துவிட்ட சீட்டில் இனிக் கட்ட வேண்டியது. எடுக்காத சீட்டு இருப்பு, எடுத்த சீட்டு கடன். இதில் மட்டும் குழம்பாதீர்கள்.

வீட்டம்மாவின் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் அங்கேதான் விழுகிறது. அந்தப் பாஸ்புக்கும் சேர வேண்டும். ஆனால் அரிசி டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருக்கும் சிறுவாட்டுப் பணத்தைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். கணக்கில் வராமல் இருப்பதால்தான் அது அவசரத்துக்கு உதவுகிறது.

நகையை ரூபாயில் எழுதவே கூடாது. பவுனில் எழுதுங்கள்: வீட்டில் இத்தனை, அடகில் இத்தனை. பவுன் விலை ஏறினால் நாம் ஒரு பைசா சேர்க்காமலேயே பெரிய சேமிப்பு வந்ததுபோல் கணக்கு காட்டும்.

படி 3: போன ஜூனையும் இந்த ஜூனையும் கழிப்பது

ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. போன ஜூன் 1-இன் இருப்பு பாஸ்புக்கிலேயே இருக்கிறது. கடன்களுக்கு ரசீதுகள். கைரொக்கத்தைக் குத்துமதிப்பாகப் போடலாம், பெரிய வித்தியாசம் வராது.

மாதிரி வீட்டில் போன ஜூன் 1: வங்கி 41,000, கையில் 3,000, ஆர்.டி. 18,000, சீட்டு 30,000. மொத்தம் 92,000. கடன்: நகை 1,20,000, பயிர்க்கடன் 50,000, கடை பாக்கிகள் 14,000. மொத்தம் 1,84,000. கழித்தால் 92,000 கடன் மிச்சம்.

இந்த ஜூன் 1: வங்கி 47,000, கையில் 5,000, ஆர்.டி. 30,000, சீட்டில் ஏலத் தள்ளுபடி போகக் கட்டியது 51,000. மொத்தம் 1,33,000. கடன்: நகை 1,50,000, பயிர்க்கடன் 50,000, கடை பாக்கி 5,000. மொத்தம் 2,05,000. கழித்தால் 72,000 கடன் மிச்சம்.

92,000 கடன் 72,000 ஆகியிருக்கிறது. ஆண்டு மிச்சம் 20,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,667 ரூபாய்.

இதே வீட்டில் வாய்க்கணக்கு கேட்டால், "ஆர்.டி. ஆயிரம், சீட்டு ரெண்டாயிரம், மாசம் மூவாயிரம் சேர்க்கிறோம்" என்பார்கள். அந்த மூவாயிரத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு எங்கே ஓட்டை என்பதுதான் அடுத்த படி.

படி 4: நகைக்கடன் (பொறுமையாகப் படிக்கவும்)

கணக்கு முட்டிக்கொண்டு நிற்பது எப்போதும் இந்த இடத்தில்தான்.

குறுவை உழவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து நகை உள்ளே போகும். அறுத்ததும் மீட்கலாம் என்று நினைப்போம். அறுப்புப் பணம் பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) வாடகைக்கும் உரக்கடைக்கும் போய்விடும். கெடு வரும். அப்போது நகையை மீட்காமல் வட்டி கட்டி மாற்றி வைப்போம். அதற்குள் பவுன் விலை ஏறியிருக்கும்; அதே நகைக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். மாதிரி வீட்டில் 1,20,000 கடனுக்கு வட்டி 12,000 என்று வைப்போம். புதுக் கடன் 1,50,000. பழைய அசலும் வட்டியும் போக 18,000 கையில் கிடைக்கும்.

வீட்டுக்கு வரும்போது என்ன சொல்வோம்? "மாத்தி வச்சதுல பதினெட்டாயிரம் வந்துச்சு." வந்தது என்ற பேச்சுதான் ஆபத்து. வரவு நோட்டில் 18,000 ஏறும், வட்டி 12,000 எங்கேயும் ஏறாது. கையிலிருந்து எண்ணிக் கொடுக்காததால் வட்டி கட்டிய நினைவே இருக்காது. உண்மையில் கடன் 30,000 ஏறியிருக்கிறது. அதில் 12,000 வட்டியாகக் கரைந்தது, 18,000 செலவுக்கு வந்தது.

ஆகவே இரண்டு விதி. ஒன்று, கடனாக வந்த அசல் வரவே அல்ல. வலது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இரண்டு, மாற்றி வைத்த அன்றைக்கே ரசீதின் பின்பக்கம் பழைய அசல், வட்டி, புது அசல், கையில் வாங்கியது என்று நாலையும் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டு ரசீதுகள் ஒரு மஞ்சப்பையில் கிடக்கும். அச்சு மங்கி முன்பக்கம் வெளுத்துப்போனாலும் பின்னால் எழுதிய நாலு வரி நிற்கிறது.

தள்ளுபடி வரும் என்று கணக்கில் இடம் விடாதீர்கள். 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனும், பிறகு 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனும் நிபந்தனைகளோடு தள்ளுபடி ஆயின. கிடைத்தவர்கள் அந்த ஆண்டு மிச்சத்தை, "தள்ளுபடி சேர்த்து", "சேர்க்காமல்" என்று இரண்டாக எழுதினால்தான் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும்.

படி 5: மொய்

சாதாரணக் கல்யாணம், காதுகுத்து மொய் என்றால் போனதைச் செலவாகவும் வந்ததை வரவாகவும் வைத்துவிட்டு நகருங்கள். "நாம செஞ்சது திரும்பி வரும்ல, அது சேமிப்புதானே" என்று வாதாடுவார்கள். எப்போது வரும், முழுசாக வருமா என்று தெரியாததைச் சேமிப்பில் சேர்ப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

பேராவூரணிப் பக்கம் விஷயமே வேறு. ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்து மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு அந்தப் பணம் வட்டியில்லாக் கடன். மொய் நோட்டின் கூட்டுத்தொகையை அப்படியே வலது பக்கம் எழுதுங்கள். திருப்பிச் செய்யச் செய்யக் குறைத்துக்கொண்டே வரலாம்.

படி 6: சாப்பாட்டு நெல்

கண்டுமுதலில் வீட்டுக்கு எடுத்து வைத்த நெல்லைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஜூன் 1-இல் போன ஆண்டு எத்தனை மூட்டை இருந்தது, இந்த ஆண்டு எத்தனை என்று ஓரத்தில் குறித்தால் போதும். நிறைய வித்தியாசம் இருந்தால் மட்டும் கொள்முதல் விலையில் மதிப்புப் போடுங்கள். 2025-26 பருவத்துக்கு, மாநில ஊக்கத்தொகை சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545, பொது ரகம் 2,500.

படி 7: மிச்சம் குறைவாக இருந்தால் எங்கே பார்ப்பது

இப்போதுதான் மாதச் செலவுக்கு வர வேண்டும். முதலிலேயே இதில் இறங்குகிறவர்கள் பத்து நாளில் நோட்டை மூடிவிடுவார்கள்.

மாதந்தோறும் வரும் செலவுக்குத் தனி நோட்டே வேண்டாம். அடுக்களைச் சுவரில் மாதக் காலண்டர் இருக்கும். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம் என்று அதில் ஏற்கெனவே பாதிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மளிகை, கறிமீன், மருந்துத் தொகையையும் அதே கட்டத்தில் எழுதிவிட்டால் மாதக் கடைசியில் தாளைக் கிழிக்கும்போது கூட்டிக்கொள்ளலாம். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் பாதியாகப் பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதம் சிக்கனமாகவும் அடுத்த மாதம் ஊதாரியாகவும் தெரிவோம். வயல் செலவை இதில் கலக்கவே கூடாது.

மாதிரி வீட்டில் இந்தக் கூட்டுத்தொகை 14,000. "பதினாலாயிரத்துல குடும்பம் ஓடுது" என்று இதை வைத்துத்தான் சொல்லிக்கொள்கிறோம். இனி ஆண்டுக்கு ஒருமுறை வருவதைக் கூட்டுங்கள்: பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டு 18,000, தீபாவளி 12,000, மொய் 15,000, குலதெய்வம், ஊர்த் திருவிழா 6,000, பொங்கல் 5,000, வண்டிக் காப்பீடு, பழுது 4,000. மொத்தம் 60,000. மாதத்துக்கு 5,000. ஆகக் குடும்பம் ஓடுவது 19,000-இல். நகை உள்ளே போவது பெரும்பாலும் இந்த ஐயாயிரத்தால்தான், மளிகையால் அல்ல.

பத்தொன்பதாயிரம் அதிகமோ என்று பயப்பட வேண்டாம். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமப்புறச் சராசரி ஆளுக்கு மாதம் 5,310 ரூபாய். நாலு பேருக்கு 21,000 தாண்டுகிறது. 1,667 குறைவோ என்று கேட்பவர்களுக்கு நபார்டின் 2021-22 அகில இந்திய ஆய்வு இருக்கிறது: கிராமப்புறக் குடும்பத்தின் சராசரி ஆண்டுச் சேமிப்பு 13,209 ரூபாய், மாதத்துக்கு 1,100 சொச்சம்.

அந்த ஐயாயிரத்துக்கு எங்கே வழி? நான் சொல்வது அஞ்சலக ஆர்.டி. மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம், ஐந்தாண்டு. நெல் வருமானக்காரர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு: தவணைகளை முன்கூட்டியே கட்டலாம். டி.பி.சி. பணம் விழுந்த வாரமே ஆறு மாதத் தவணையை ஒரேயடியாகக் கட்டிவிடுங்கள், கொஞ்சம் தள்ளுபடியும் தருவார்கள். தொடர்ந்து நாலு தவணை விட்டால் கணக்கு முடங்கும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். பதிவில்லாத சீட்டை நான் தொடுவதில்லை. ஊரே நம்புகிற ஆள் நடத்தினாலும் சரி.

பின்சேர்க்கை 1

கோடைப் பருத்தி போட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள்: "ஜூன் 1-இல் எங்கள் வயல் காலியாக இல்லையே?" சரிதான், திருவாரூர்ப் பக்கம் அப்போது பஞ்சு எடுப்பு நடந்துகொண்டிருக்கும். தேதியை மாற்ற வேண்டாம். அன்றுவரை பருத்திக்குப் போட்ட செலவை இடது பக்கம், "வயலில் கிடப்பது" என்று எழுதுங்கள், ஏற்கெனவே விற்ற பஞ்சின் பணத்தை அதில் கழித்துவிட்டு. என்ன விலைக்குப் போகும் என்ற கனவுத் தொகையை எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை 2

குழுக் கடன், வாரக் கட்டு உள்ளவர்கள் கட்டிய தொகையைப் பார்க்காமல் அட்டையில் மீதி அசலைப் பார்த்து எழுத வேண்டும். அட்டையில் அது தெளிவாக இல்லாவிட்டால் வசூலுக்கு வருகிறவரிடமே எழுதி வாங்குங்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

பின்சேர்க்கை 3

பிள்ளை சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து கேள்விகள். வீட்டுச் செலவுக்கு என்று அனுப்பினால் அது சம்பளம் மாதிரி, தனியாக எதுவும் செய்ய வேண்டாம். வீடு கட்ட, தங்கச்சி கல்யாணத்துக்கு என்று அனுப்பியது உங்கள் வங்கிக் கணக்கில் கிடந்தால், அதே தொகையை வலது பக்கத்திலும், "பிள்ளை பணம்" என்று எழுதுங்கள். முடிந்தால் அதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கே தொடங்கிவிடுவது நல்லது. ஜூன் மாத அவசரத்தில் அதில் கை வைத்தாலும் எவ்வளவு எடுத்தோம் என்பது பாஸ்புக்கில் நிற்கும்.