ஜிஞ்சர் பீருக்கு பாக்கெட் ஈஸ்டா, தண்ணி ஈஸ்டா? வேலூர் வெயிலுக்கு எது சரிப்படும்

மொதல்லயே முடிவ சொல்லிடறேன். வீட்ல ஜிஞ்சர் பீர் போடறவங்களுக்கு, அதுவும் வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கம் இருக்கறவங்களுக்கு, பாக்கெட்ல வர காஞ்ச ஈஸ்ட்தான் நிம்மதி. ஈஸ்ட்டுன்னா சர்க்கரைய தின்னு நொரைக்கற கேஸும் கொஞ்சம் போதையும் விடற, கண்ணுக்குத் தெரியாத உயிர். ருசிதான் முக்கியம், மெனக்கெட ரெடின்னா இஞ்சியில இருந்து நாமளே வளக்கற தண்ணி ஈஸ்ட். நான் சொல்றது சோடா மாதிரி நொரையோட குடிக்கற இஞ்சி ஜூஸ் மட்டும்தான், நெஜ பீர் இல்ல. நம்மூர்ல வீட்ல பீரு, சாராயம் காய்ச்சறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், அந்தப் பக்கமே போவாதீங்க.

காஞ்ச ஈஸ்ட்ல ரெண்டு வகை. ஒண்ணு பேக்கரி சாமான் கடையில கெடைக்கற ரொட்டி ஈஸ்ட். இன்னொண்ணு பீருக்குன்னே, ஒயினுக்குன்னே வர பாக்கெட், பீருக்கு யுஎஸ்-05 பதினொன்றரை கிராம், ஒயினுக்கு இசி-1118 அஞ்சு கிராம், இப்படி. ரொட்டி ஈஸ்ட் வேலைய சீக்கிரம் செய்யும், ஆனா சரியா அடியில படியாது, கலங்கலா நிக்கும், பன்னு வாசனை லேசா அடிக்கும். ஒயின் ஈஸ்ட்டு சுத்தமா படியும், வாசனையும் கம்மி. கெடச்சா அதையே வாங்கிக்கோங்க, ஒரு பாக்கெட் ரொம்ப நாளைக்கு வரும், ஏன்னா ஒரு லிட்டருக்கு ரெண்டு விரல்ல எடுக்கற சிட்டிகை போதும். மிச்சத்த காத்து போவாம மடிச்சி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க.

இத அப்படியே சர்க்கரைத் தண்ணியில கொட்டக்கூடாது. காஞ்சி கெடக்கற ஈஸ்ட் செல்லு மொத நிமிஷத்துல தண்ணிய உறிஞ்சும்போது அதோட தோலு இன்னும் சரியா வேலை செய்யாது, சர்க்கரை ஜாஸ்தியா இருந்தாலோ ஐஸ் தண்ணியா இருந்தாலோ உள்ள இருக்கறது வெளிய ஒழுகி நெறைய செல்லு செத்துப்போவும். அதனால கை பொறுக்கற வெதுவெதுப்புல, 35 டிகிரி கிட்ட, கொஞ்சம் வெறும் தண்ணி எடுத்து அதுமேல தூவி 15 நிமிஷம் விட்டுட்டு அப்புறம் கலக்குங்க. மே மாசத்துல மேல் தொட்டித் தண்ணிய பிடிச்சா அதுவே போதும், அடுப்பே வேணாம், சில நாள் மத்தியானம் அது ரொம்ப சூடா வரும், அப்ப கொஞ்சம் ஆறவிடுங்க.

தண்ணி ஈஸ்ட்டுன்னா கம்பெனி சரக்கும் இருக்கு, ஒயிட் லேப்ஸ், வையீஸ்ட்டுன்னு ரெண்டு அமெரிக்கா கம்பெனிங்க பீருக்காக செய்யறது. வகை எக்கச்சக்கம், ஆனா உயிரோட தண்ணியில இருக்கறதால எப்பவும் குளிர்லயே இருக்கணும், ஆயுசும் சில மாசம்தான். 40 டிகிரி வெயில்ல கூரியர் வண்டியில கெடந்து வந்தா உள்ள எவ்ளோ உயிர் மிச்சம் இருக்கும்னு யோசிச்சி பாருங்க. போதாததுக்கு இஞ்சி காரத்துல அந்த நுணுக்கமான வாசனையெல்லாம் காணாமப் பூடும். காசு தண்டம், என் கட்சி அவ்ளோதான்.

நாமளே வளக்கற இஞ்சி ஈஸ்ட்டுதான் நெஜமான போட்டி. அரை லிட்டர் தண்ணி, தோலோட துருவுன இஞ்சி ஒரு பெரிய ஸ்பூன், சர்க்கரை ஒரு பெரிய ஸ்பூன், கண்ணாடி பாட்டில்ல போட்டு மேல துணி கட்டி வைங்க. தெனமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டு கலக்கணும். தோலுலதான் ஈஸ்ட் ஒட்டிக்கினு இருக்கும், அதனால நேதாஜி மார்க்கெட்ல மண்ணு ஒட்டுன இஞ்சியா பாத்து வாங்கி லேசா கழுவுனா போதும், சீவித் தள்ளிடாதீங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா இது எழும்பாது, காய்ச்சி ஆறவெச்ச தண்ணி ஊத்துங்க. குளிர் ஊர்ல ஒரு வாரம் ஆவறது இங்க கோடையில ரெண்டு மூணு நாள்லயே நொரைச்சிடும், மார்கழியில கொஞ்சம் இழுக்கும். மேல பூசணம் பூத்தா, நாத்தம் அடிச்சா மொத்தத்தையும் கொட்டிடுங்க, எடுத்துட்டு யூஸ் பண்ற கதையே வேணாம்.

இதுல ஈஸ்ட் மட்டும் இல்ல, பாக்டீரியாவும் சேந்து வரதாலதான் அந்தப் புளிப்பு, அது பாக்கெட்ல கெடைக்காது. இங்கிலாந்துல பழைய ஜிஞ்சர் பீருக்கு ஜவ்வரிசி மாதிரி கட்டிகட்டியா இருக்கற ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்த யூஸ் பண்ணாங்க, அதுலயும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேந்துதான் இருக்குன்னு ஹாரி மார்ஷல் வார்டுன்னு ஒரு தாவர விஞ்ஞானி 1892ல எழுதுனாரு. அதுக்கு முன்னாடி இலங்கையில காப்பிச் செடி நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ணவரும் அவரேதான்.

இப்ப ஜூஸ். ஒரு லிட்டருக்கு 50 கிராம் இஞ்சி நசுக்கி, 80 கிராம் சர்க்கரையோட கொதிக்கவெச்சி, வடிகட்டி, நல்லா ஆறுனதும் ஒரு எலுமிச்சம்பழம் புழிஞ்சி, காஞ்ச ஈஸ்ட் சிட்டிகை, இல்லன்னா வடிகட்டுன இஞ்சி ஈஸ்ட் அரை டம்ளர் ஊத்துங்க. சர்க்கரைக்கு பதிலா மண்டித் தெரு வெல்லம் போட்டா ஈஸ்ட்டுக்கு சத்து ஜாஸ்தி, நெறம்தான் கருக்கும்.

பாட்டில் விஷயம் மட்டும் வெளையாட்டில்ல. ஈஸ்ட் 4 கிராம் சர்க்கரைய தின்னா ஒரு லிட்டர் பானத்துக்கு ஒரு லிட்டர் கேஸ் வரும். சோடா அளவு நொரைக்கு மூணு நாலு லிட்டர் கேஸ் போதும், அதாவது 15 கிராம் சர்க்கரை. அதோட நிறுத்துனா போதையும் 1 சதவீதத்துக்குள்ள நிக்கும், மிச்ச இனிப்பும் இருக்கும். நிறுத்தாம விட்டா 80 கிராமும் தின்னு 20 லிட்டர் கேஸ், போதையும் பீர் அளவுக்கு 5 சதவீதம் கிட்ட போய்டும், அதுக்குள்ள கண்ணாடி பாட்டில்னா வெடிச்சி கையி மூஞ்செல்லாம் கிழிச்சிடும். அதனால பழைய கூல்டிரிங்ஸ் பிளாஸ்டிக் பாட்டில்தான், மேல நாலு விரல் எடம் விட்டு மூடுங்க. அமுக்கி பாத்துக்கினே இருங்க, பிரிக்காத சோடா பாட்டில் மாதிரி கெட்டியானதும் ஒடனே ஃப்ரிட்ஜ். கோடையில காஞ்ச ஈஸ்ட்டுக்கு அரை நாள்லயே கெட்டியாய்டும், காலையில போட்டுட்டு வெளியூர் போற பிளான் இருந்தா அன்னிக்கி வேணாம். இஞ்சி ஈஸ்ட் எப்ப வேகம் எடுக்கும்னு சொல்லமுடியாது, ராத்திரி எழுந்து பாக்கறதும் உண்டு.

ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் மெதுவா வேலை நடந்துக்கினேதான் இருக்கும், ஒரு வாரத்துக்குள்ள குடிச்சி முடிச்சிடுங்க, நீளமா கரண்ட் போச்சின்னா மூடிய லேசா திருவி கேஸ விட்டுடுங்க. கொஞ்சூண்டு போதை எப்படியும் இருக்கும்ங்கறதால சின்னப் பசங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் இது வேணாம், அவங்களுக்கு அதே இஞ்சி சாறுல கடை சோடாவ ஊத்திக் குடுங்க.