கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கரஸ்ல எம்.ஏ.: பணத்துக்கு வழி பண்ணுவது எப்படி?

கல்யாணம், குழந்தை என்று படிப்பை நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்க நினைத்தால் முதலில் விசாரிப்பது ஃபீஸைத்தான். கரஸ் என்கிற தொலைநிலைப் படிப்பில் ஃபீஸ் ஓரளவு சமாளிக்கக்கூடிய தொகைதான். கையைக் கடிப்பது அது வந்து விழுகிற மாதம். அதோடு, பரீட்சை நாளில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கட்டிய பணமும் வீண். இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். இக்னோவை (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வைத்துச் சொல்கிறேன். தமிழ் வழியில் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது. நீங்கள் சேரும் படிப்பு அந்த வருடத்து அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நர்சிங், சட்டம் எல்லாம் கரஸில் கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

சேர்வதற்கு ஏபிசி ஐடி (படிப்பில் எடுக்கும் கிரெடிட்கள் சேரும் கணக்கின் எண்), டெப் ஐடி (தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசி தளத்தில் எடுக்கும் எண்) இரண்டும் வேண்டும். இரண்டுமே இலவசம். ஆனால் இதில் பெண்களுக்கு ஒரு தலைவலி உண்டு. மார்க்ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே இடிக்கும். இதை முதல் வேலையாகச் சரிசெய்யுங்கள். கடைசித் தேதி நெருங்கும்போது ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருக்க முடியாது.

படி 2: ஜூலையா, ஜனவரியா?

பெரும்பாலான படிப்புகளுக்கு இக்னோவில் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சேர்க்கை நடக்கிறது. எல்லோரும் பழக்கதோஷத்தில் ஜூலைக்கு ஓடுகிறார்கள். ஜூன் மாதம் உங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: எல்கேஜி ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம், ஷூ, வேன் அட்வான்ஸ். ஜூலையில் சேர்ந்தால் இரண்டாம் வருட ஃபீஸும் அதே சமயத்தில் வந்து நிற்கும். ஜனவரியில் சேர்ந்தால் அது வருடக் கடைசியை ஒட்டி வரும். வீட்டில் யாருக்காவது தீபாவளி போனஸ் வருகிறது என்றால் பட்டாசுக்கும் துணிக்கும் போவதற்கு முன்னால் அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்கலாம். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் என் ஓட்டு ஜனவரிக்குத்தான்.

படி 3: மாதம் எவ்வளவு?

ஒரு வருட ஃபீஸ், பரீட்சைக் கட்டணம் (இது தாளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும்), அசைன்மென்ட் பேப்பர், ஜெராக்ஸ், பயணம். எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகைக்கு வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போடுங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடம், இதற்குச் சரிப்படாது. தெரிந்தவர் நடத்தும் சீட்டு, ஃபீஸ் கட்டும் மாதத்தில் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மகளிர் உரிமைத் தொகை வாங்குபவர் என்றால் மாதம் ஆயிரம், வருடத்துக்கு 12,000 ரூபாய். அந்தக் கணக்கிலிருந்தே ஆர்.டி.க்குப் போகும்படி செய்துவிட்டால் மளிகைக்குக் கரையாது.

படி 4: குறைக்க முடிந்ததைக் குறையுங்கள்

அச்சுப் புத்தகம் வேண்டாம், பிடிஎஃப் போதும் என்று விண்ணப்பத்தில் குறித்தால் படிப்புக் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போனைக் கையில் எடுத்த நிமிடமே பிள்ளை வந்து கார்ட்டூன் கேட்கும் வீடு என்றால் புத்தகத்தையே வாங்குங்கள். பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டால் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இக்னோ பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சேர்வதற்கு முன்னால் ஒரு யூனிட் படித்துப் பாருங்கள், பாடமும் மொழியும் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குச் சில படிப்புகளில் கட்டண விலக்கு இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

படி 5: எல்லாத் தாளையும் ஒரேயடியாக எழுதாதீர்கள்

இரண்டு வருட எம்.ஏ.வை முடிக்க இக்னோ நான்கு வருடம் வரை தருகிறது. மூன்று வருட டிகிரிக்கு ஆறு வருடம். சிறு குழந்தை இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை நடக்கும். முதல் வருடத் தாள் பாக்கி இருந்தாலும் இரண்டாம் வருடத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

பால் மறக்காத குழந்தை என்றால் ஒரு பருவத்துக்கு இரண்டு தாள் போதும். ஐந்துக்கும் பணம் கட்டிவிட்டு, நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூன்றுக்குப் போகாமல் விட்டால் அந்த மூன்றுக்கும் மறுபடி கட்ட வேண்டும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: அசைன்மென்ட் வைக்காமல் பரீட்சை எழுதிப் பயனில்லை. பிள்ளை தூங்கும் மதிய நேரத்தில் கையால் எழுதி முடிக்கக்கூடிய வேலை அது. கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

படி 6: பரீட்சை நாள்

காலை 10 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 5 வரை என்று இரண்டு வேளை. எந்தத் தாள் எந்த வேளை என்பது அட்டவணையில் இருக்கும். அது வந்த அன்றே அம்மாவிடமோ மாமியாரிடமோ தேதிகளைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வயது முடிந்த குழந்தையைப் பால்வாடியில் விடலாம், மதியச் சாப்பாடும் அங்கேயே. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் கொண்டுபோய் விட்டால் நிற்காது. சில வாரம் முன்பே பழக்குங்கள். மையம் உள்ளூரில் இருந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அந்தச் செலவும் மிச்சம்.

கடன் வாங்கலாமா?

கரஸுக்கு வேண்டாம், நகைக்கடனும் வேண்டாம். ரெகுலர் பி.எட். மாதிரிப் படிப்பு என்றால் கல்விக்கடன் கேளுங்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வரை வரிக்கழிவு உண்டு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கணவர் பெயரில் கடன் என்றால் அவர் எந்த வரிமுறையில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.