டேங் நானோ 9கே: உபுண்டுவில் எஃப்பிஜிஏ கருவிகளை நிறுவி முதல் எல்இடியை மினுக்குவது

எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) கற்கலாம் என்று ஸைலிங்ஸின் மென்பொருளான விவாடோவைத் தரவிறக்கப் போய், பல பத்து ஜிபி என்றதும் லேப்டாப்பை மூடியவர்கள் நிறைய. ஸைலிங்ஸ் போர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதுதான் கதி. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸைபீடின் டேங் நானோ 9கே வாங்குங்கள். கோவின் நிறுவனத்தின் சிப், 8640 எல்யுடி (லாஜிக்கை அமைக்கும் சின்ன அலகுகள்). சின்ன ரிஸ்க்-வி பிராசஸர் ஒன்று தாராளமாக அடங்கும். முழுக்கத் திறமூலக் கருவிகளை வைத்தே வேலை முடிந்துவிடும்.

கருவிகளுக்கு ஓஎஸ்எஸ் கேட் சூட் போதும். கிட்ஹப்பில் லினக்ஸ் எக்ஸ்64 கோப்பை எடுத்து, ஹோம் ஃபோல்டரில் விரித்து, உள்ளே இருக்கும் 'என்விரான்மென்ட்' கோப்பை டெர்மினலில் ஸோர்ஸ் செய்யுங்கள். யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர், ஐகாரஸ் வெரிலாக், ஜிடிகேவேவ் எல்லாம் வந்துவிடும். இதை பாஷ்ஆர்சியில் நிரந்தரமாகப் போட வேண்டாம். சூட் தனக்கென ஒரு பைத்தானைக் கொண்டுவருகிறது, உங்கள் மற்ற பைத்தான் வேலைகளில் அது மூக்கை நுழைக்கும். ஆப்ட் வழியே தனித்தனியாக நிறுவுவதும் எனக்குப் பிடிக்காது. அங்கே பெரும்பாலும் பழைய பதிப்புகள்தான் கிடைக்கும்.

இனி, என்னை அதிகம் அலைக்கழித்த இடம். போர்டைச் செருகி, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்தால் 0403:6010 என்று ஒரு வரி தெரிய வேண்டும். தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டுக்கு நாலு கிடக்கும். வரி தெரிந்தும், டிசைனை போர்டில் ஏற்றும் ஓபன்எஃப்பிஜிஏலோடர் போர்டைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால், அது அனுமதிப் பிரச்சினை. உடனே சூடோ போடத் தோன்றும். போட்டால் அந்தக் கட்டளையே இல்லை என்று பதில் வரும், ஏனென்றால் நீங்கள் ஸோர்ஸ் செய்த பாதை சூடோவுக்குத் தெரியாது. முழுப் பாதையைக் கொடுத்துத் தப்பிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே ரோதனை. ஓபன்எஃப்பிஜிஏலோடரின் கிட்ஹப்பில் 99 என்று தொடங்கும் ரூல்ஸ் கோப்பு இருக்கிறது, போர்டைத் திறக்கும் அனுமதியைத் தருவது அதுதான். அதை இடிசி-யின் கீழ் யுடெவ் ரூல்ஸ் ஃபோல்டரில் போட்டு, ரூல்ஸை ரீலோட் செய்யுங்கள். உங்கள் பயனரை பிளக்டெவ் குழுவில் சேருங்கள். அப்புறம் லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். போர்டையும் ஒருமுறை பிடுங்கிச் செருக வேண்டும். பழைய அனுமதியோடு ஏற்கெனவே செருகியிருக்கும் போர்டுக்குப் புது ரூல் பொருந்தாது.

டிசைன் சுலபம். போர்டின் கிரிஸ்டல் 27 மெகாஹெர்ட்ஸ், கிளாக் பின் 52, முதல் எல்இடி பின் 10. வெரிலாக் மொழியில் 25 பிட் கவுண்டர் எழுதி உச்ச பிட்டை எல்இடிக்குக் கொடுத்தால் சுமார் 1.24 நொடிக்கு ஒருமுறை மினுக்கும். எல்இடி 0 கொடுத்தால்தான் எரியும். யோசிஸ் சின்தசிஸ் செய்யும் (அந்த வெரிலாக்கை லாஜிக் சுற்றாக மாற்றும்), நெக்ஸ்ட்பிஎன்ஆர் இடம்பிடித்து வயர் இழுக்கும், கோவின்பேக் அதைச் சிப்பில் ஏற்றும் கோப்பான பிட்ஸ்ட்ரீம் ஆக்கும். பின்னிரண்டிலும் குடும்பப் பெயரை 'ஜிடபிள்யு1என்-9சி' என்று கொடுங்கள். அந்த 'சி'யை விட்டால் அது வேறு சிப்.

எஸ்ராமில் (சிப்பின் தற்காலிக நினைவகத்தில்) ஏற்றியது கரண்ட் போனால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் ஃபிளாஷில் எழுதும் ஆப்ஷனைச் சேருங்கள்.

பின்சேர்க்கை: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல் வழியே செய்பவர்கள் போர்டே தெரியவில்லை என்று கேட்டிருந்தார்கள். டபிள்யுஎஸ்எல்லுக்கு யுஎஸ்பி தானாகப் போகாது. விண்டோஸ் பக்கம் யுஎஸ்பிஐபிடி நிறுவி, போர்டை பைண்ட் செய்து அட்டாச் செய்யுங்கள். பைண்ட் ஒருமுறை போதும்; அட்டாச் மட்டும் பிடுங்கிச் செருகும்போதெல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.