வாடிக்கையாளர் வீட்டுக்கேற்ற டிவி அலமாரி செய்முறை: அளவெடுப்பது முதல் சுவரோடு பிணைப்பது வரை

டிவி அலமாரி என்பது பார்வைக்கு நீளமான ஒரு பெட்டிதான். ஆனால் துணி அலமாரிக்கு இல்லாத மூன்று தேவைகள் இதற்கு உண்டு. உள்ளே வைக்கும் கருவிகள் சூடாகும், அவற்றுக்குப் பின்னால் வயர்கள் ஓடும், ரிமோட் சமிக்ஞை அவற்றை எட்ட வேண்டும். ஆகவே பெட்டியை முதலில் வரைந்துவிட்டுக் கருவிகளை அதற்குள் திணிக்காமல், கருவிகளைப் பட்டியலிட்டு அவற்றைச் சுற்றியே பெட்டியை வரைய வேண்டும்.

முதல் வேலை அளவெடுப்பது. வாடிக்கையாளர் "55 இன்ச் டிவி" என்று சொல்வது திரையின் மூலைவிட்ட அளவையே குறிக்கும். அந்தத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ., உயரம் ஏறத்தாழ 68 செ.மீ. இருக்கும். டிவியைக் காலில் நிறுத்துவதானால் இரு கால்களுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல டிவிகளில் கால்கள் இரு ஓரங்களில் இருப்பதால் மேற்பலகை அந்த அகலத்தைத் தாராளமாகத் தாண்டியாக வேண்டும். உயரத்தை ஊகத்தில் முடிவு செய்யாமல், வாடிக்கையாளரை அவர் வழக்கமாக உட்காரும் இருக்கையில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து அவர் கண்மட்டம் வரை அளக்க வேண்டும். திரையின் நடுப்பகுதி அந்தக் கண்மட்டத்தில் வர வேண்டும். கண்மட்டம் 100 செ.மீ. என்றால், திரையின் பாதி உயரமான 34 செ.மீ., டிவி காலின் உயரமான 6 செ.மீ. இரண்டையும் கழித்த 60 செ.மீ. நம் அலமாரியின் உயரம். ஆழத்துக்கு, இருப்பதிலேயே நீளமான கருவியின் அளவோடு, பின்னால் வயர் மடங்காமல் வளைவதற்கு 5 செ.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்செருகிகள் சுவரில் எங்கே உள்ளன, சுவரடிப் பட்டி எவ்வளவு புடைத்திருக்கிறது, முடிந்த அலமாரி மாடிப்படித் திருப்பத்தில் திரும்புமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். திரும்பாது என்றால் இரண்டு பெட்டிகளாகச் செய்து உள்ளே இணைப்பதே வழி.

அடுத்து, வெட்டுப் பட்டியல், அதாவது எந்தப் பலகையை எந்த அளவில் வெட்டுவது என்ற கணக்கு. புதியவர்களின் கணக்கு பெரும்பாலும் பிசகுவது பலகையின் கனத்தை மறப்பதால்தான் என்பதால் ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வெளி அகலம் 1800 மி.மீ., ஆழம் 450, உயரம் 600. பலகை 18 மி.மீ. பிளைவுட், அறைகள் மூன்று. அடிப்பீடத்துக்கு 80 போனால் பெட்டியின் உயரம் 520. மேற்பலகையும் அடிப்பலகையும் 1800 நீளத்துக்கு முழுதாக ஓடுவதால், இடையில் நிற்கும் பலகைகளின் உயரம் 520-இலிருந்து 36 கழித்து 484 ஆகும். நிற்கும் பலகைகள் பக்கத்துக்கு ஒன்று, தடுப்புக்கு இரண்டு என மொத்தம் நான்கு. அவற்றின் கனம் 72. மிச்சமுள்ள 1728-ஐ மூன்றால் வகுத்தால் ஒவ்வோர் அறையும் 576. இழுப்பறை வரும் அறையில் பால் பேரிங் சேனலுக்கு (இழுப்பறை வழுக்கி ஓடும் உலோகத் தண்டவாளம்) பக்கத்துக்கு 13 மி.மீ. விட வேண்டியிருப்பதால் இழுப்பறைப் பெட்டியின் வெளி அகலம் 550 மட்டுமே. பிளைவுட் தாளில் துண்டுகளைக் குறிக்கும்போது ரம்பப் பல் தின்னும் 3 மி.மீ.-ஐயும் ஒவ்வொரு வெட்டுக்கும் விடுங்கள்.

"நடுவில் தடுப்பு வேண்டாம், திறந்தே இருக்கட்டும்" என்று சில வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் உள்ள இடைவெளி இருமடங்கானால், அதே எடைக்குப் பலகை எட்டு மடங்கு தொய்யும் என்பதை அவருக்கு விளக்குங்கள். அப்படியும் கேட்டால் மேற்பலகையை இரண்டு தட்டாக ஒட்டிக் கனமாக்குங்கள், அல்லது முன்விளிம்பில் அகலமான மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி வையுங்கள். மைக்கா (பலகை மேல் ஒட்டும் மெல்லிய அலங்காரத் தகடு) ஒட்டுவதாக இருந்தால் பலகையின் இரு பக்கமும் ஒட்டுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை நாளடைவில் வளையும்.

பெட்டியைக் கோக்கும் முன்பே முதுகுப் பலகையில் வயர்த் துளைகளைப் போட்டுவிடுங்கள். செருகித் தலை நுழைய வேண்டும் என்பதால் 60 மி.மீ. விட்டம் வசதியானது. ஆம்ப்ளிஃபயர் வைக்கும் நடு அறைக்குத் துளை போதாது. மேலே 10 செ.மீ. வெற்றிடம் விட்டு, முதுகுப் பலகையில் பெரிய சதுரமாக வெட்டி எடுத்தால்தான் சூடான காற்று வெளியேறும். அகச்சிவப்பு ரிமோட் மரத்தை ஊடுருவாது என்பதால் அந்த அறைக்குக் கதவே வேண்டாம், அல்லது இடைவெளி விட்ட பட்டிக் கதவு போதும். சப்வூஃபரை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரை, உள்ளே வைக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். இழுப்பறையும் கதவும் சேர்ந்து அதிரும்.

கோக்கும்போது பிளைவுட்டின் விளிம்பில் நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்குகள் பிளக்கும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. துளை போட்டு, மரப்பசை தடவி, கிளாம்பில் இறுக்கிய பிறகு முடுக்குங்கள். பசை காய்வதற்குள் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள்: நம் பெட்டியில் இரண்டும் ஏறத்தாழ 1874 மி.மீ. வர வேண்டும், அதைவிட முக்கியமாக இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அந்த மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் கிளாம்ப் மாட்டி மெல்ல நெருக்கி, சமமான அந்த நிலையிலேயே 6 மி.மீ. முதுகுப் பலகையை அறைந்துவிட்டால், பெட்டி பிறகு கோணாது.

கதவுக்கு உள்கீல் (கதவை மூடினால் வெளியே தெரியாத கீல்) வைப்பதானால் 35 மி.மீ. விட்டத்தில் குழி எடுக்க வேண்டும். 18 மி.மீ. பலகையில் குழியின் ஆழம் 13-ஐத் தாண்டினால் மறுபக்கம் பொத்துக்கொள்ளக்கூடும் என்பதால் துளைக்கருவியின் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளை 120, 180, 240 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) மர வரியின் போக்கிலேயே தேய்த்து, தூசு துடைத்து, மெல்லிய பூச்சுகளாக வார்னிஷ் கொடுத்தால் போதும்.

வாடிக்கையாளர் வீட்டில் முதலில் ரசமட்டம் வைத்து அடியைச் சமன்படுத்துங்கள். பிறகு அலமாரியைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் நிறுத்தி, எல்லா வயர்களையும் இணைத்து, ரிமோட் வேலை செய்கிறதா என்று அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பின்னரே சுவரோடு தள்ளி, இரண்டு எல்-பட்டைகளால் சுவரில் பிணைக்க வேண்டும்; டிவியையும் தனிப் பட்டையால் கட்டிவிட்டால் குழந்தைகள் பிடித்து ஏறினாலும் கவிழாது.