காமெடியும் டப்பிங்கும்: சென்னையில் குரலை நம்பிப் பிழைக்க வருகிறவர்களுக்கு

பகலில் கார்ட்டூன் பையன்களுக்குக் குரல் கொடுக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மேடையில் மாமி, லாரி டிரைவர், அபார்ட்மென்ட் செக்ரட்டரி எல்லாம் ஆகிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, காமெடி பண்றதா, டப்பிங் போறதா?" என்பதுதான். இந்த ஊரில் இரண்டையும் செய்தால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும். அது போகட்டும். ஸ்கிட் என்கிற குட்டி காமெடி நாடக மேடையில் ஒருவர் எதைக் கற்றுக்கொள்கிறாரோ, அதற்குத்தான் டப்பிங் தியேட்டரில், அதாவது குரல் பதிவு செய்கிற ஸ்டூடியோவில், சம்பளம் தருகிறார்கள். அதனால் மேடையிலிருந்தே தொடங்குவோம்.

மிமிக்ரியை ஓரமாக வையுங்கள்

வாய்ஸ் டெஸ்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மைக் முன்னால் நின்றதும் ரஜினி, கமல், விஜயகாந்த் என்று வரிசையாக இறக்குவார்கள். எல்லாரும் ரசிப்போம், கை தட்டுவோம். வேலை கிடைக்காது. காரணம் சாதாரணம்தான். ரஜினிக்கு டப்பிங் பேச ரஜினியே வந்துவிடுவார். தியேட்டரில் ஆள் தேவைப்படுவது, திரையில் இருக்கிற, நம்மில் யாருக்கும் தெரியாத ஒரு முகத்துக்கு. அந்த முகத்தைப் பார்த்ததும் 'இவன் இப்படித்தான் பேசுவான்' என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

'கலக்கப் போவது யாரு'வில் மிமிக்ரி செய்து ஜெயித்துத்தானே சிவகார்த்திகேயன் வந்தார் என்று கேட்பீர்கள். உண்மைதான். மிமிக்ரி காதைக் கூர்மையாக்கும், கூட்டத்தின் பயத்தைப் போக்கும். ஆனால் 2019-ல் வந்த 'லயன் கிங்' படத்தின் தமிழ்ப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பும்பா என்கிற காட்டுப்பன்றிக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி, ஜாஜுவுக்கு மனோபாலா. ரோபோ சங்கர் பெரிய மிமிக்ரிக்காரர். ஆனாலும் காட்டுப்பன்றிக்கு அவர் யார் குரலையும் கடன் வாங்கவில்லை, தன் குரலையே கொடுத்தார். கூப்பிட்டதும் அதற்காகத்தான்.

ஆகவே உங்களுக்கென்று நாலைந்து நிஜ ஆட்களை, அவர்கள் பேசுகிற விதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைப்பார்கள்? பீச்-தாம்பரம் ரயிலில், ரேஷன் கடை வரிசையில், வடபழனி கோயில் வாசலில். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு பயனில்லை. குரல் மூக்கிலிருந்து வருகிறதா, தொண்டையிலிருந்தா, நெஞ்சிலிருந்தா? எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார்? எந்தச் சொல்லின் மேல் சாய்கிறார்? எதை விழுங்குகிறார்? இவற்றை நோட்டில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த பூக்கார அம்மா ஒருவர், முழம் எவ்வளவு என்று கேட்டால் விலையை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, "சாமிக்குத்தானே வாங்குறே" என்பதை மட்டும் தெருவே கேட்கிற மாதிரி சொல்வார். எத்தனையோ கதாபாத்திரங்களுக்கு அந்த ஏற்ற இறக்கத்தை நான் எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு முறை ஆமைக்குக்கூட.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் லோக்கலா பேசுங்க" என்று தியேட்டரில் கேட்பார்கள். உடனே நாலு 'இன்னா'வும் ரெண்டு 'கலீஜ்'ஜும் போட்டுக் குரலைக் கரகரப்பாக்கினால் வடசென்னை ஆகிவிடாது. காசிமேட்டில் மென்மையாகப் பேசுகிறவர்கள் இல்லையா? ஒருவர் பேசும் பாஷையே ஜோக் என்று எழுதப்பட்ட ஸ்கிட்டை நான் எடுத்துச் செய்வதில்லை. அதில் சிரிப்பும் அதிக நேரம் நிற்காது.

ஸ்கிட் எழுதுவது

ஒரு ஸ்கிட்டுக்கு ஒரு கோணல் போதும். மற்றதெல்லாம் நேராக இருக்க வேண்டும். நாங்கள் போடும் ஒன்றையே சொல்கிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் ஏறக்குறைய வற்றிப்போன 2019 கோடையை சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். லாரி புக் செய்துவிட்டு, வருமா வராதா என்று அபார்ட்மென்ட் மொத்தமும் வாசலில் நின்றது. இது எல்லாருக்கும் தெரிந்த நேரான சங்கதி. இதில் நாங்கள் போட்ட கோணல், தண்ணீர் லாரி டிரைவர் விமான பைலட் மாதிரி பேசுகிறார் என்பது மட்டும்தான்.

"வணக்கம். உங்கள் கேப்டன் பேசுகிறேன். நாம் தற்போது போரூர் சிக்னலில் மிதந்துகொண்டிருக்கிறோம். வெளியே வெப்பநிலை நாற்பத்தியொரு டிகிரி."

இது முதல் படி. இரண்டாவது படியில் கோணல் அடுத்தவருக்குத் தொற்ற வேண்டும். செக்ரட்டரி பிளாஸ்டிக் குடத்தோடு வந்து, "சார், ஜன்னலோரமா ஒரு குடம் கிடைக்குமா?" என்று பணிவாகக் கேட்கிறார். மூன்றாவதில் வினை வர வேண்டும். "தொழில்நுட்பக் காரணங்களால் இந்த லாரி பி பிளாக்கில் தரையிறங்குகிறது." ஏ பிளாக் மாமி மயங்கி விழுகிறார். விளக்கை அணையுங்கள், முடிந்தது. தண்ணீரின் அருமையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

பைலட்டாக நடிப்பவருக்கு ஒரே ஒரு விதி. தான் காமெடி செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவே கூடாது. உண்மையான பைலட் போலப் பாதித் தூக்கத்தில், வார்த்தை முடிவுகளை மைக்குக்குள் விட்டுவிட்டுப் பேச வேண்டும். 'மிதந்துகொண்டிருக்கிறோம்' என்பதில் ஒரு இம்மி அழுத்தம் கூடினாலும் சிரிப்பு போய்விடும். மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

சிரிப்புக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. சபா நாடகத்துக்குப் போங்கள். கிரேஸி மோகனின் குழு 1979-ல் தொடங்கியது. 2019-ல் அவர் மறைந்த பிறகும் தம்பி மாது பாலாஜி தொடர்ந்து நாடகம் போடுகிறார். நாரத கான சபா, வாணி மகால் பக்கம் அறிவிப்பு பார்த்தால் டிக்கெட் எடுத்து, ஒரு முறை சிரிப்பதற்காக உட்காருங்கள். அடுத்த முறை, வசனம் பேசி முடித்தவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஜோக் மேல் ஜோக்காக வரும் நாடகத்தில் கூட்டத்தின் சிரிப்பு அடங்குவதற்குள் பேசினால் அடுத்த ஜோக் காதில் விழாது. முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். முக்கால்வாசி அடங்கும்போது உள்ளே நுழைகிறார்கள். அந்த முக்காலைக் கண்டுபிடிக்கிற காதுதான் டப்பிங்குக்கும் வேண்டும். அங்கே உங்களை நிறுத்தி வைப்பது ஜனங்களின் சிரிப்பு இல்லை, திரையில் அசையும் யாரோ ஒருவரின் வாய். வித்தியாசம் அவ்வளவுதான்.

உடம்பே அசையாமல் வாயால் மட்டும் நடிக்கிறவர்களே, விருகம்பாக்கம் கூத்துப்பட்டறை நாடகக் குழு போன்ற இடங்களில் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். குரலை உடம்பு முழுவதும்தான் உண்டாக்குகிறது.

டப்பிங் தியேட்டருக்குள்

வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் வட்டாரத்தில்தான் பெரும்பாலும் வேலை. உள்ளே திரை, மைக், ஹெட்போன், டயலாக் பேப்பர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர். மூல மொழி காதில் ஓடும். நீங்கள் படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். முதல் தடவை ஓட்டும்போது பேசாதீர்கள். பேப்பரில் மூச்சுக்கு ஒரு கோடு, உதடு மூடும் இடத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள்.

லிப் என்று நாங்கள் சொல்கிற உதட்டசைவுப் பொருத்தத்தில் முக்கால்வாசி ப, ம கணக்குதான். இந்த இரண்டுக்கும் இதழ்கள் சேர வேண்டும், வகரத்துக்குப் பல்லும் இதழும் சேர வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. உதடு ஒட்டாத எழுத்துகளாகவே வைத்து நிரோட்டகம் பாடிய புலவர்கள் இன்று இருந்தால் டப்பிங் வசனம் எழுத அவர்களைத்தான் கூப்பிட்டிருப்பேன். ஆங்கிலத்தில் ஒருவன் 'கம் ஆன்' என்கிறான். 'வா' என்று போட்டால் அர்த்தம் சரி, ஆனால் திரையில் உதடு மூடுகிறது, குரலில் மூடவில்லை. 'கிளம்பு' என்று போடுங்கள். ககரத்தில் தொடங்கி நடுவில் உதடு மூடித் திறக்கும். 'ஸ்டாப் இட்' வந்தால் 'நில்லுப்பா'. பொருந்துகிறதா? முகம் நெருக்கத்தில் இருக்கும்போதுதான் இந்தக் கவலை. ஆள் முதுகைக் காட்டினாலோ தூரத்தில் நின்றாலோ மீதி வசனத்தை அங்கே தள்ளிவிடலாம்.

நீளம் இன்னொரு தொல்லை. மொழிபெயர்த்த வசனம் பெரும்பாலும் நீண்டுவிடும், புதிதாக வருகிறவர்கள் அதை மூச்சுவிடாமல் ஓட்டிவிடப் பார்ப்பார்கள். ஓட்டாதீர்கள், குறையுங்கள். 'நான் உன்னை ஒருபோதும் விட்டுப் போக மாட்டேன்' என்று பேப்பரில் இருந்தால், "சார், 'விடவே மாட்டேன்'னு வச்சுக்கலாமா?" என்று கேளுங்கள். 'நான்' தமிழில் வினைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், 'உன்னை' காட்சியிலிருந்தே புரிந்துவிடும். இப்படிக் கேட்கிறவரை மறுபடி கூப்பிடுவார்கள்.

உடுப்பைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனால் நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் சரசரவென்று பதிவாகும். கண்ணாடி வளையல், கொலுசு, சட்டைப்பை சில்லறை, சாவிக்கொத்து எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். பழைய, பலமுறை துவைத்த பருத்திதான் நல்லது. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். வயிறு போடுகிற சத்தத்தை மைக் நன்றாகவே பிடிக்கும். ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கத்தல், அழுகை, அடி வாங்குவது போன்றவற்றைக் கடைசியில் எடுக்கச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றை முதலில் எடுத்துவிட்டால் சாந்தமான வசனத்துக்குத் தொண்டை இருக்காது. தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்தால் ஓய்வு என்று நினைக்கிறார்கள். இல்லை, சும்மா இருப்பதுதான் ஓய்வு.

சிறுவர் குரல் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். குரலைக் கீச்சென்று ஏற்றினால் பையன் வரமாட்டான், பொம்மைதான் வரும். குழந்தை பேசுவதைக் கவனியுங்கள். மூச்சு சிறியது, அதனால் வாக்கியத்தின் நடுவில், எடுக்கக் கூடாத இடத்தில் எடுக்கும். 'அம்மா நான் வந்து... இன்னிக்கு ஸ்கூல்ல வந்து...' என்று யோசிக்கிற நேரத்துக்கெல்லாம் 'வந்து' போடும். கோபத்தில் கடைசி எழுத்து காணாமல் போகும். நான் கன்னத்தைச் சிரிப்பதுபோல் மேலே தூக்கி, தாடையை லேசாக முன்னால் தள்ளிக்கொண்டு பேசுவேன். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் உள்ள வித்தியாசம் சுருதியில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. ஆறு வயதுக்காரன் எல்லாவற்றையும் இப்போதே சொல்லியாக வேண்டும்.

வேலை தேடுவது

முதலில் கிடைப்பது கூட்டக்குரலாக இருக்கும். கல்யாண மண்டபம், சந்தை, கோர்ட் வராண்டா. ஏழெட்டுப் பேர் மைக்கைச் சுற்றி நின்று பேசுவோம். தனியாகக் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தையும் வரக்கூடாது. இதைக் கேவலமாக நினைத்துப் போய்விடுகிறவர்கள் உண்டு. நான் அறிமுகம் பிடித்ததெல்லாம் அங்கேதான். பக்கத்தில் நிற்கிற சீனியர் எப்படி மூச்சு எடுக்கிறார் என்று இலவசமாகப் பார்க்கலாம்.

வாய்ப்புக் கேட்டு அனுப்புகிற குரல் சாம்பிளை ஒன்றரை நிமிடத்துக்குள் வையுங்கள். பின்னணி இசை வேண்டாம், அறிமுக உரையும் வேண்டாம். உங்கள் சொந்தக் குரல் முதலில், பிறகு நீங்கள் சேர்த்து வைத்த ஆட்கள். வீட்டிலேயே பதிவு செய்யலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ரெக்கார்டிங் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, வேவ் ஃபைலாக எடுங்கள். ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது தவம்தான். காக்காய், குக்கர் எல்லாம் ஓய்ந்திருக்கிற நேரம் விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்.

டப்பிங் யூனியனில் சேர என்ன கட்டணம், என்ன நிபந்தனை என்பதை நேரில் போய் அலுவலகத்திலேயே கேளுங்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்று நடுவில் வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சான்ஸ் தருவதாகச் சொல்லிப் பயிற்சிக் கட்டணம் கேட்கிறவர்களுக்கும் இதுவேதான்.

சம்பளத்தைப் பேசாமல் மைக் முன்னால் நிற்காதீர்கள். எத்தனை எபிசோடு, எத்தனை கால்ஷீட், திருத்தத்துக்குக் கூப்பிட்டால் தனிக் காசா, பணம் எந்தத் தேதியில் வரும் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஒரு இடத்தில் எனக்கு வரவேண்டிய பாக்கி அடுத்த தீபாவளிக்குத்தான் வந்தது, அதுவும் பழைய மெசேஜை எடுத்துக் காட்டிய பிறகு. இப்போது ஒப்பந்தங்களில் புதிதாக ஒரு வரி வருகிறது: குரல் பதிவை 'எந்தத் தொழில்நுட்பத்திலும், எக்காலத்துக்கும்' பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. கையெழுத்துப் போட்டால், உங்கள் குரலை ஏஐ-க்குப் பழக்கிவிட்டு, நீங்கள் பேசாத வசனத்தையும் உங்கள் குரலில் பேச வைப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்று கையாலேயே எழுதி, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு ஹெட்போனை மாட்டுங்கள்.